உலர் எடை

தாமான் ஜூரோங்கில் ஒரு புளோக்கின் கீழ்த்தளம்.
காலை ஆறே முக்கால்.
செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறுகிறேன்.
அறுபதரை.
இரண்டு கிலோ தண்ணீரை இயந்திரம் எடுத்துக்கொண்டால்
ஐம்பத்தெட்டரை, என் உலர் எடை.
வெள்ளைப் பலகையில் என் பெயருக்கு நேரே
மெய் சுவான் அதை எழுதி எட்டு மாதம்.
மை காய்ந்து பலகையோடு ஒட்டிப்போயிருக்கிறது.

கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை.
"குட், அங்கிள்."
நான் சொல்லவில்லை,
மூன்று தலையணை அடுக்கிப் படுப்பதை,
நான்காவதை நேற்று மகன் அறையிலிருந்து எடுத்ததை.
மின்விசிறி பழசு, காற்றுப் பத்தவில்லை என்று
எனக்கே சொல்லி வைத்திருந்தேன்.

இன்று புதிதாக ஒரு பெட்டி, சக்கரம் வைத்தது.
டாக்டர் ஸாரினா சட்டையைத் தூக்கச் சொன்னார்.
கையில் சவரக் கருவி போல ஒன்று,
மீன்பெட்டி ஐஸ் மாதிரி சில்லென்று ஒரு பசை.
விலா எலும்புகளுக்கு இடையே
சந்து சந்தாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"காற்று நிறைந்த நுரையீரல்
இதற்குப் பிடிகொடுக்காது.
குறுக்கே சில கோடு, ஜன்னல் தட்டி மாதிரி. அவ்வளவுதான்.
தண்ணீர் இருந்தால்தான் நெடுக்கே இறங்கும்."

இறங்கின.
திரையின் மேலிருந்து அடிவரை
வெள்ளை வெள்ளையாக,
மூச்சை இழுத்தால் ஒரு பக்கம் நகர்ந்து
விட்டால் திரும்பி வந்து,
கணவாய்ப் படகுகள் விளக்குப் போட்டால்
இருட்டுக் கடலுக்குள் இறங்குமே, அப்படி.
அழகாக இருந்தது.
சொல்லக் கூச்சமாக இருந்தது.

வாய்க்குள் எண்ணினார்.
இடப்பக்கம் பதினொன்று, வலப்பக்கம் பதினாறு.
பக்கத்து நாற்காலி ஓங்
ஊசி குத்தாத கையால்
நாலு நம்பருக்குக் குறித்துக்கொண்டார்.

"எடை சரியாகத்தானே இருக்கிறது?"
"அதுதான் எனக்கும் புரியவில்லை.
ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?"

எனக்குப் புரிந்துவிட்டது.
ஜூரோங் மீன் துறைமுகத்தில்
இருபத்தாறு வருடம் தராசுக்குப் பின்னால் நின்றவன்.
நடுராத்திரி வந்திறங்கும் பெட்டியில்
எவ்வளவு இறால், எவ்வளவு தண்ணீர் என்று
தூக்கும்போதே தோள் சொல்லிவிடும்.
தராசு சொல்லாது.
அதற்கு எல்லாம் ஒரே பாரம்.

பொய்ப்பல் பிப்ரவரியில் உடைந்தது.
மேல்வரிசை. சிங்க்கில் விழுந்து இரண்டாக.
மகனுக்கு இரவு வேலை, சொன்னால் செலவு.
கஞ்சி குடித்தேன். பிறகும் கஞ்சி.
பாலில் தோய்த்த ரொட்டி.
முள்ளுக்குப் பயந்து மீனையும் விட்டேன்,
மீன் துறைமுகத்தில் வேலை பார்த்தவன்.
ஐந்து மாதத்தில் தொடையிலும் தோளிலும்
சதை கிராம் கிராமாகக் கழன்றிருக்கிறது.
காலியான இடத்துக்குத் தண்ணீர்
சத்தமில்லாமல் குடிவந்து
கணக்கை நேர் செய்துவிட்டது.
துறைமுகத்தில் ஒரு வியாபாரிகூட
என்னை இப்படி ஏமாற்றியதில்லை.

வாயைத் திறந்து காட்டினேன்.
டாக்டர் ஸாரினா கருவியைக் கீழே வைத்தார்.

மெய் சுவான் பலகையை நகத்தால் சுரண்டினாள்.
பிறகு ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள்.
ஐம்பத்தேழு என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.
"கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கணும் அங்கிள்,
அவசரப்பட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்."
பிடித்துக்கொண்டது. இரண்டு தடவை. கத்தினேன்.

மூன்று வாரம் கழித்து
இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஐந்து.
ஓங்குக்கு ஏமாற்றம்,
இரண்டு இலக்கத்தை வைத்து என்ன செய்வது?
நான்காவது தலையணையைத் திருப்பி வைத்துவிட்டேன்.
மூன்றாவதைக் காலுக்கடியில் போட்டுக்கொள்கிறேன்.

பல் இன்னும் அச்சில் இருக்கிறது, வியாழக்கிழமை வரும்.
அதற்கு முன்னாலேயே
சந்தைக்குப் போய் இறால் கேட்டேன்.
கடைப் பையன் அள்ளித் தராசில் போடப் போனான்.
பொறு, தம்பி.
கூடையைக் குலுக்கு.
இன்னும் ஒரு தரம்.
சொட்டு நிற்கட்டும்.
இப்போது நிறு.